ஐந்தாவது கை

வந்திருந்தவர்கள்:
ஜெகதீசன், வேட்பாளர். கோயிலுக்குள் வரவில்லை, காரில் இருந்தார்.
சேட்டு, ஜெகதீசனின் ஆள். வாசலில்.
பெரியதம்பி, கவுன்சிலர்.
லூர்துமேரி, கவுன்சிலர். கிறிஸ்தவர். கற்பூரம் அடிக்க ஆட்சேபணை இல்லை என்றார்.
அஞ்சம்மாள், கவுன்சிலர், சுயேச்சை. கடலோரக் குப்பம்.
ரஞ்சித், கவுன்சிலர்.
சீனுவாசன், கவுன்சிலர் அல்ல. கவுன்சிலர் பரிமளாவின் கணவர். மனைவிக்குப் பதிலாக வந்தவர்.
பூசாரி, பெயர் கேட்கவில்லை.
நான்.

பேராசிரியர் இனியவனின் களப்பணி நோட்டில் அந்தப் பக்கம் இப்படித்தான் தொடங்குகிறது. எல்லாம் கெட்டதும் அந்தப் பக்கத்தில்தான்.

இனியவன் விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் அரசியல் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறவர். வீடு திண்டிவனத்தில். கோயிலும் ஓட்டும் எங்கே ஒட்டிக்கொள்கின்றன என்பதுதான் இருபத்திரண்டு வருடமாக அவர் தோண்டிக்கொண்டிருக்கும் குழி. எந்தக் கட்சிக்காரர் எந்தத் தேரின் வடத்தைப் பிடித்தார், எந்தத் திருவிழா நோட்டீஸில் யார் பெயருக்கு மேலே யார் பெயர் ஏறியது என்பதையெல்லாம் எழுதிவைத்திருப்பார். அவருக்கு இரண்டு விதிகள். போன இடத்தில் முதலில் வந்திருந்தவர் பட்டியலை எழுத வேண்டும். நடப்பது எதிலும் கை வைக்கக் கூடாது. விபூதி கொடுத்தால் பூசிக்கொள்ளமாட்டார். காகிதத்தில் மடித்துத் தேதி போட்டுவைப்பார். மழையைப் பற்றி எழுத நனைய வேண்டியதில்லை என்று மாணவர்களிடம் சொல்வார்.

இன்னொன்றும் உண்டு. அவரால் ஓரிடத்தில் உட்கார முடியாது. திண்டிவனத்தில் ரயில் ஏறினால் மயிலத்தில் எழுந்துவிடுவார், பேரணி ஸ்டேஷனில் வேறு சீட்டு, விக்கிரவாண்டிக்குப் பிறகு வாசற்படி. வகுப்பில் கதவுக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டேதான் பாடம். பிள்ளைகள் அவருக்குப் பெண்டுலம் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும்.

சேட்டு அவரிடம் எம்.ஏ. படித்தவன். படித்ததை அவரைவிட நன்றாகப் பயன்படுத்துகிறவன். ஒன்றியத் தலைவர் தேர்தலுக்கு நான்கு நாள் முன்பு அவனே போன் செய்தான். மொத்தம் பதினோரு கவுன்சிலர்கள். ஆறு ஓட்டு வாங்கினால் தலைவர். ஓட்டு மூடிய பெட்டியில் விழும், யார் யாருக்குப் போட்டார்கள் என்று ஈ எறும்புக்கும் தெரியாது. அதனால் ஜெகதீசன் தன் ஓட்டு போக மீதி ஐந்தையும் கற்பூரத்தில் கட்டிப்போடப் போகிறார். சார் வந்து பார்க்கலாம், ஆனால் எவர் பெயரையும் வெளியே விடக் கூடாது. இனியவன் அரை நாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினார்.

பிரம்மதேசம் போகும் வழியில், ஏரிக்கரையில் ஒரு காளி கோயில். மதியம் மூன்று மணி, நடை சாத்தியிருக்கும் நேரம். மூன்று பேர் நின்றால் நிறைந்துவிடும் கருவறை. ஒவ்வொருவராக உள்ளே வர வேண்டும். பூசாரி கல்லின் மேல் ஒரு கட்டிக் கற்பூரம் ஏற்றுவார். ஜெகதீசனுக்கே என் ஓட்டு என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். அடித்துவிட்டு மாற்றிப் போட்டால் மீதியைக் காளி பார்த்துக்கொள்வாள். சேட்டு வாசலுக்கு வெளியே எல்லோருடைய செல்போனையும் ஒரு மஞ்சள் பையில் வாங்கி வைத்துக்கொண்டு, உள்ளே விழும் அடிச் சத்தத்துக்கு ஒவ்வொரு விரலாக மடக்கிக்கொண்டிருந்தான். இனியவன் மூலையில் நோட்டோடு ஒடுங்கி நின்றார்.

பெரியதம்பி கொசு அடிப்பது போல அடித்தார். லூர்துமேரி சிலுவைக்குறி போட்டுக்கொண்டு அடித்தார். அஞ்சம்மாள் முந்தானையை இழுத்துச் செருகி, மீன் கூடையை இறக்கிவைப்பது போல நிதானமாகக் குனிந்து, அழுத்தி அணைத்தார். கையை உடனே எடுக்கவும் இல்லை. ரஞ்சித் முதலில் ஊதி அணைத்துவிட்டு அடிக்கப் பார்த்தான். பூசாரி மறுபடியும் ஏற்றினார்.

கடைசியில் சீனுவாசன். கல்லுக்கு முன்னால் குந்தினார், கண்ணை மூடினார், உதடு அசைந்தது, கையை ஓங்கினார். பூசாரி விபூதித் தட்டை எடுக்கத் திரும்பினார். சீனுவாசன் கையை மெல்ல இறக்கித் தொடையில் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். கற்பூரம் எரிந்துகொண்டே இருந்தது. வெளியிலிருந்து சேட்டு, ஆச்சாண்ணே என்று கேட்டான்.

அப்போதுதான் இனியவனின் கை விழுந்தது.

ஏன் என்று அவர் தனக்குத்தானே பல விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டார். பக்கத்தில் தேங்காய் நார் கிடந்தது, பற்றிக்கொள்ளும் என்று முதலில் சொல்லிக்கொண்டார். நார் எதுவும் கிடக்கவில்லை. உண்மை இதுதான்: யாரும் அடிக்காமல் ஒரு தீ சும்மா எரிந்துகொண்டிருப்பதை அவரால் பார்க்க முடியவில்லை. டப் என்று ஒரு சத்தம். வெளியே சேட்டு ஐந்தாவது விரலை மடக்கினான். சீனுவாசன் திரும்பிப் பார்த்தார். சிரித்தார். பூசாரி நீட்டிய விபூதியைப் பூசிக்கொண்டு வெளியே போனார்.

அன்று மாலை திண்டிவனம் பஸ் நிலையத்தில் டீக்கடை ஓரமாக நின்று, இனியவன் பட்டியலில் ஐந்து பெயர்களுக்கும் டிக் போட்டார். நான்குக்கு மட்டும் போட்டிருக்கலாம். போட்டால், சத்தம் ஐந்து கேட்டதே, ஐந்தாவது யார் என்று எழுத வேண்டும். எழுதவில்லை.

நான்கு நாள் கழித்து ஜெகதீசன் தோற்றார். ஐந்துக்கு ஆறு.

*

ஒருவர் மாற்றிப் போட்டிருக்கிறார். யார் என்று ஊர் ஊராகத் தேடினார்கள். இரண்டு நாள் லூர்துமேரியைச் சொன்னார்கள், கிறிஸ்தவப் பெண்ணுக்குக் காளி எதற்கு என்று. பிறகு பேச்சு கடற்கரைப் பக்கம் ஒதுங்கி அஞ்சம்மாள் வீட்டு வாசலில் நின்றுவிட்டது. சுயேச்சை, கேட்க ஆள் இல்லாதவர். போதாததற்கு எதிரணிக்காரர் வீட்டில் ஒருநாள் டீ குடித்திருக்கிறார். அவர் கையை ஓங்கினாரே தவிர அடிக்கவில்லை, சத்தம் மட்டும் காட்டினார் என்று கிளப்பிவிட்டார்கள். அதை எல்லோரையும்விட உரக்கச் சொன்னவர் சீனுவாசன்.

இனியவன் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கேட்டபடியே கட்டுரையை எழுதி முடித்தார். பெயர்கள் இல்லை, ஊர் இல்லை. ‘ஐந்து உறுப்பினர்களும் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தனர். ஆய்வாளர் விலகி நின்று கவனித்தார்.’ அந்த இரண்டு வாக்கியத்தையும் அவர் மூன்று முறை அழித்துத் திரும்ப எழுதினார். ஒவ்வொரு முறையும் அதே வாக்கியம்தான் வந்தது. ஒரு ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது.

உள்ளங்கையில் பொத்தான் அளவுக்கு ஒரு வடு நின்றுவிட்டது. வலி இல்லை, அரிப்பு. சாக்பீஸ் பிடித்தால் அரிக்கும், ரயில் கம்பியைப் பிடித்தால் அரிக்கும். அவர் மனைவி கலைப்பிரியா ஒரு களிம்பை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, "ஊருக்கெல்லாம் பகுத்தறிவு பேசிக்கினு, கையில மருந்து தடவிக்கினு. நல்லா கீது உங்க ஆராய்ச்சி" என்று சொல்லிப் போனாள். எப்படிச் சுட்டது என்று அவள் கேட்கவில்லை. டீ டம்ளர் என்று அவராகவே சொன்னார்.

மூன்றாவது மாதம் அஞ்சம்மாள் கல்லூரிக்கு வந்தார். மரக்காணத்திலிருந்து திண்டிவனம், திண்டிவனத்திலிருந்து விழுப்புரம், இரண்டு பஸ். துறை அறையில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். அவருக்கு இளைப்பு. கைப்பையிலிருந்து உறிஞ்சு மருந்தை எடுத்து இரண்டு முறை இழுத்துக்கொண்ட பிறகுதான் பேச்சு வந்தது.

"நீங்க எழுதிக்கினே இருந்தீங்க சார். நான் பாத்தேன். என் கை விழுந்துச்சா இல்லியா?"

விழுந்தது என்றார் இனியவன். எழுந்து ஜன்னலுக்குப் போனார்.

"அத எங்க ஊர்ல வந்து சொல்லணும். நான் சொன்னா சிரிக்கிறாங்க. காசு வாங்கிக்கினு கைய வெறுமனே ஆட்டுனவன்னு என் காதுபடவே பேசறாங்க. ஞாயித்துக்கெழம பஞ்சாயத்து."

ஜன்னலிலிருந்து கதவுக்கு வந்தார். வர முடியாது என்பதை வேறு வேறு வார்த்தைகளில் சொன்னார். ஆய்வு நெறி, வாக்குக் கொடுத்திருப்பது, யார் பக்கமும் நிற்கக் கூடாது என்பது. அந்த அம்மாள் கழுத்தைத் திருப்பித் திருப்பி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், ஒரு இடத்துல நின்னு சொல்லுங்க சார், எனக்குத் தலை சுத்துது என்றார்.

இனியவன் நின்றார். வேண்டுமானால் ஒரு கடிதம் தருகிறேன் என்றார். துறைத் தாளில் தன் கையாலேயே எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார். ‘அன்று ஐந்து பேரும் கற்பூரம் அடித்தனர். அஞ்சம்மாளும் அடித்தார். நேரில் கண்டேன்.’ அஞ்சம்மாள் அடித்தார் என்று மட்டும் எழுதியிருக்கலாம். ஆனால் கட்டுரையில் ஐந்து என்று இருக்கிறது. ஒரே ஆள் எழுதிய இரண்டு தாள்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். அது அவருடைய தொழில் புத்தி.

அந்தத் தொழில் புத்திதான் அஞ்சம்மாள் வீட்டுப் படகைக் கரையில் ஏற்றியது.

*

திண்டிவனம் பஸ் நிலையத்தில் சேட்டு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டபோதுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது. உங்க லெட்டரு சூப்பரு சார் என்றான். குப்பத்தில் கூட்டம் போட்டு, கடிதத்தை ஒருவர் உரக்கப் படித்திருக்கிறார். ஐந்து பேரும் அடித்தார்கள் என்று படித்த வாத்தியாரே எழுதிவிட்டார். ஐந்தில் ஒருவர் மாற்றிப் போட்டதும் நிச்சயம். ஆகவே அடித்த சத்தியத்தை மீறிய கை ஒன்று இருக்கிறது. யாருடையது? மற்ற நான்கு கவுன்சிலர்களின் ஊரில் ஒரு ஆடுகூட நோய்ப்படவில்லை. இந்தக் குப்பத்தில் மட்டும் இரண்டு மாதத்தில் மூன்று வலைகள் போய்விட்டன, ஒரு படகின் இன்ஜின் கடலுக்குள் விழுந்தது. கை விழவே இல்லை என்றபோது அஞ்சம்மாள் வெறும் ஏமாற்றுக்காரி. விழுந்தது என்றதும் தெய்வக் குற்றவாளி ஆகிவிட்டார்.

சேட்டுவுக்கு ரொம்ப மகிழ்ச்சி. தோற்றதற்கு ஒரு முகம் கிடைத்துவிட்டதே.

அன்று மாலை அஞ்சம்மாள் போன் செய்தார். திட்டவில்லை. நடந்ததை அடுக்கிச் சொன்னார். மகன் இறங்கும் படகை மணலில் ஏற்றிப் பதினோரு நாள் ஆகிறது. முடிவு தெரியும் வரை அந்த வீட்டுப் படகு கடலில் இறங்கக் கூடாது என்று கட்டுப்பாடு. வரும் ஞாயிறு காலை செல்லியம்மன் கோயில்.

"எங்க ஊர்ல வாய்ப்பேச்ச நம்பலைன்னா செல்லியம்மன் உள்ளார வுட்டு வெளிய பூட்டிடுவாங்க சார். உச்சிப்பொழுது வரைக்கும். பொய் சொன்னவங்க கதவைத் தட்டுவாங்க. தட்டலைன்னா சொன்னது நெசம். அவ்ளோதான்."

யாராவது தட்டியிருக்கிறார்களா என்று இனியவன் கேட்டார். அந்த நேரத்திலும் அவருக்கு அது தெரிய வேண்டியிருந்தது.

"ரெண்டு பேரு. ஒருத்தர் இன்னிக்கும் தலை நிமிர மாட்டாரு." கொஞ்ச நேரம் இரைப்புச் சத்தம் மட்டும் கேட்டது. "சாமிக்கு நான் பயப்படல. ஜன்னல் இல்லாத ரூமு, உள்ள கற்பூரப் பொகை. எனக்கு அரை மணி தாங்காது. மூச்சுக்குத் தட்டினாலும் தட்டினதுதான சார்."

போனை வைத்த பிறகு இனியவன் வீட்டுக்குள் நடந்தார். சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்தார். ஆய்விதழுக்கு ஒரு கடிதம் எழுத ஆரம்பித்தார்: கட்டுரையில் ஒரு எண் திருத்தப்பட வேண்டும். செல்போனில் நான்கு விதமாக எழுதிப் பார்த்து, எதையும் அனுப்பாமல் வைத்தார். தான் ஊரறிய வாயைத் திறக்காமலேயே இது முடிய ஒரு வழி இருந்தது. மறுநாள் காலை அந்த வழியைத் தேடிப் போனார்.

சீனுவாசன் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டைகளுக்கு நடுவே நின்று, ஒரு கொட்டையை உடைத்துப் பருப்பை வாயில் போட்டுக்கொண்டிருந்தார். இனியவனைப் பார்த்ததும் ஒரு பிடி மல்லாட்டையை எடுத்து நீட்டினார். இனியவன் வாங்கவில்லை. நீங்கள் அடிக்கவில்லை என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள், ஒரு வீட்டுப் படகு மணலில் கிடக்கிறது என்றார்.

"நான் அடிச்சேன்னு யாருகிட்டயும் சொன்னதில்லையே சார்," என்றார் சீனுவாசன். குரலில் கோபமே இல்லை. "நோட்டுல எழுதுனது நீங்க, லெட்டர்ல எழுதுனது நீங்க. ஓட்டுப் போட்டது என் பொண்டாட்டி, அவ எதுலயும் அடிக்கல. நான் அடிக்கல. எங்க வூட்ல சத்தியம் பண்ணவங்களே கெடையாது. எனக்குப் பதிலா பண்ணது நீங்க."

மூட்டை தூக்குகிறவர் ஒருவர் வழி கேட்டுக் கடந்துபோனார்.

"பயப்படாதீங்க சார். உங்களுக்குத்தான் ஓட்டே கெடையாதே, எங்க போயி மீறப்போறீங்க?" சீனுவாசன் தோலை ஊதிவிட்டார். "வாயத் தொறந்தீங்கன்னா உங்களுக்குத்தான் பேஜாரு. எனக்கு இன்னா? பொண்டாட்டி என் பேச்சைக் கேக்கலன்னு சொல்லிட்டுப் போறேன்."

தான் சொல்லிக்கொடுப்பது பேருக்குத்தான் அரசியல் அறிவியல் என்று இனியவனுக்குத் தோன்றியது. சேட்டுவும் இந்த மனிதரும் மல்லாட்டை தின்றபடியே அதை முடித்துவிட்டார்கள்.

*

ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் மரக்காணம் போனார். பஸ்ஸில் நான்கு சீட்டு மாறினார். அங்கிருந்து ஆட்டோ. குப்பத்துக்குள் நுழைந்தபோது ஏழு மணி இருக்கும். செல்லியம்மன் கோயில் என்பது ஒரு சிமென்ட் அறை, நீலம் அடித்த இரும்புக் கதவு, புகை போக மேலே சுவரில் ஒரு துளை. எதிரே மணலில் ஊர் கூடியிருந்தது. சற்றுத் தள்ளி ஒரு படகு பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது, அதன் நிழலில் நாய் படுத்திருந்தது. அஞ்சம்மாள் குளித்த ஈரத் தலையோடு கதவருகே நின்றார். கையில் உறிஞ்சு மருந்து இருந்தது. அதை உள்ளே எடுத்துப்போகலாமா கூடாதா என்றுதான் அப்போது பேச்சு நடந்துகொண்டிருந்தது.

ஊர்த் தலைவர் அப்பாதுரை வயதானவர் இல்லை, நாற்பது இருக்கும். டி-சர்ட் போட்டிருந்தார். சாவி அவர் இடுப்புக் கயிற்றில் தொங்கியது. வாங்க சார், லெட்டரு உங்களுதுதான என்றார். யாரோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்கள். இனியவன் உட்காரவில்லை.

சொல்ல வந்ததைச் சுற்றி வளைத்துத்தான் தொடங்கினார். மூன்றாவது வாக்கியத்தில் அவருக்கே சலித்துவிட்டது. நிறுத்தினார்.

"அந்த லெட்டர் பொய். அடிச்சது நாலு பேர்தான். அஞ்சம்மாள் அடிச்சாங்க. சீனுவாசன் அடிக்கல. அஞ்சாவது கை என்னோடது."

பின்வரிசையில் ஒரு பெண், வாத்தியாருக்கு எந்த வார்டு என்று கேட்டாள். சிலர் சிரித்தார்கள். இனியவன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். வடுவைப் பார்க்க இரண்டு பேர் கிட்டே வந்தார்கள். கற்பூரச் சூடுதான் என்றார் ஒருவர். சிகரெட்டாகவும் இருக்கலாம் என்றார் மற்றவர்.

அப்பாதுரை நோட்டைக் கேட்டு வாங்கினார். பட்டியலைப் படித்தார். ஐந்து பெயர், ஐந்து டிக். கடைசியில் நான் என்று இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. நோட்டை மூடாமலேயே கேட்டார்:

"நோட்டுல அஞ்சு. லெட்டர்ல அஞ்சு, முத்திர வேற. இப்ப வாயில நாலு. படிச்சவங்க நீங்க, மூணுல எத நாங்க நம்பறது?"

எழுதியதெல்லாம் பொய், எழுதாத ஒன்றுதான் உண்மை. அதற்குச் சாட்சி சீனுவாசனின் சிரிப்பு மட்டும்.

"தப்பா நெனைக்காதீங்க," என்றார் அப்பாதுரை. "இது அஞ்சம்மாக்கா சொல்லு இல்ல, உங்க சொல்லு. சொன்னவங்கதான் உள்ள போவணும். நீங்க போனா அவங்க போவ வேணாம். படகு இப்பவே எறங்கும். உச்சில தொறக்கறேன். நடுவுல தட்டுனீங்கன்னா படகு திரும்ப மணலுக்கு வந்துடும். பெறவு அக்கா உள்ள போவும்."

இனியவன் கடிகாரத்தைப் பார்த்தார். ஏழே முக்கால். நான்கு மணி நேரத்துக்கு மேல். வாழ்க்கையில் அவர் நாற்பது நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்தது முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில்தான், அதிலும் தண்ணீர் குடிக்க என்று எழுந்தார். நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். இங்கே யாரும் அதைக் கேட்கவில்லை. தட்டுவாரா மாட்டாரா என்பதுதான் கேள்வி.

செருப்பைக் கழற்றினார். நோட்டைத் திரும்பக் கேட்டுக் கை நீட்டினார். உள்ளே இருந்தால் எழுதலாம் என்ற நப்பாசை. அப்பாதுரை தலையாட்டி மறுத்தார். நோட்டு, பேனா, செல்போன் மூன்றையும் அஞ்சம்மாள் வாங்கி மடியில் கட்டிக்கொண்டார். அனுப்பாத கடிதமும் அந்தப் போனோடு போனது.

"உள்ள நடக்காதீங்க சார்," என்றார் அஞ்சம்மாள். நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை. அவர் முகம் இறுகித்தான் இருந்தது. "மூணு எட்டு வெச்சா செவுரு வந்துடும். சுத்திச்சுத்தி நடந்தா தலை கிறுகிறுத்துக் கை தானா கதவுக்குப் போயிடும். சும்மா குந்திக்கினு இருங்க. அந்தக் கையைத் தொடைக்கு அடில வெச்சுக்கோங்க."

உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு வாடை. சின்ன சிலை, மஞ்சள் புடவை, அதன் முன்னால் அன்றைக்கென்று ஒரு தட்டு நிறையக் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. புகை மேலே துளையைத் தேடிப்போகாமல் அறையிலேயே சுற்றியது. இனியவன் நின்றார். உள்ளங்கை அரிக்க ஆரம்பித்தது. வெளியே பத்திருபது பேர் சேர்ந்து தோள் கொடுக்கும் சத்தமும், மணலில் படகின் அடி உராயும் சத்தமும் கேட்டன. நாய் குரைத்தது. மகன்தான் போல, யாரோ இன்ஜினை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்கள்.

அவர் ஒரு எட்டு வைத்தார். உடனே நிறுத்தி, தரையில் உட்கார்ந்து, வலது கையைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார்.

முதுகுக்குப் பின்னால் இரும்புக் கதவைச் சாத்தினார்கள். அப்பாதுரை சாவியை இரண்டு முறை திருப்பினார்.